குறையில்லாத காட்டில் ஒரு முள்ளம்பன்றி

நாவல்துறைக் காட்டில் வேலாண்டி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு யாரையும் பிடிக்காது. அதை யாருக்கும் பிடிக்காது. இரண்டு தரப்புக்கும் இந்த விஷயத்தில் முழு உடன்பாடு இருந்ததால் பல வருஷங்களாக ஒரு சண்டைகூட வந்ததில்லை.

அந்த வருஷம் காட்டுக்குள் தும்மல் காய்ச்சல் வந்தது.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. வலசை வந்த வாத்துகள் கொண்டுவந்தன என்றன குரங்குகள். குரங்குகளின் சேட்டையால் வந்தது என்றன வாத்துகள். முதலில் தும்மல் வரும். பிறகு காய்ச்சல். பிறகு மூச்சு வாங்கும். பல பிராணிகள் பத்து நாளில் எழுந்து நடந்தன. சில எழுந்திருக்கவே இல்லை.

காட்டின் ராஜா புலி. அதன் மந்திரி தோகைநாதர் என்ற மயில். தோகைநாதர் பாறைமேல் ஏறி, தோகையை விரித்து, ராஜ உத்தரவைப் படித்தது.

"எல்லோரும் அவரவர் பொந்திலேயே இருக்க வேண்டும்! வெளியே வந்தால் வாயில் பூவரச இலையைக் கட்ட வேண்டும்! ஒருவருக்கொருவர் மூன்று புலிவால் தூரம் தள்ளி நிற்க வேண்டும்! தண்ணீர்த் துறைக்கு வருபவர்கள் எல்லாக் கால்களையும் கழுவ வேண்டும்!"

மறுநாள் காலை அதே பாறைமேல் வேறொரு உத்தரவு வந்தது. மத்தியானம் அது ரத்தாகி, சாயங்காலம் முதல் உத்தரவே திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் தோகை மட்டும் குறையில்லாமல் விரிந்தது. நேற்று எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லும்போதும் விரிந்தது. "நோய் தீரும்வரை மகாராஜா சைவம்" என்றும் ஒரு நாள் தோகைநாதர் அறிவித்தது. குகைக்குப் போய்ச் சரிபார்க்க யாரும் முன்வரவில்லை.

அடைந்து கிடந்த பிராணிகளுக்கு நாளுக்கு நாள் எரிச்சல் ஏறியது. ஒவ்வொன்றாகப் புலியின் குகை வாசலுக்குப் போய்ப் புலம்ப ஆரம்பித்தன. புலியின் மத்தியானத் தூக்கம் போயிற்று.

"தோகைநாதரே! காய்ச்சல் என்னைக் கொல்லாது. இவர்கள் புலம்பல்தான் கொல்லும். ஏதாவது செய்யும்!" என்று உறுமியது புலி.

"கவலை வேண்டாம் மகாராஜா! யாரையாவது ஓரிடத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னால் போதும்."

"குறைகளை யார் தீர்ப்பது?"

"தீர்ப்பதா?" மயில் ஆச்சரியப்பட்டது. "கேட்டால் போதும் மகாராஜா!"

"மூன்று புலிவால் தூரத்துக்குள் நெருங்கிவிடுவார்களே?"

"யாருமே நெருங்காத ஒரு பிராணி நம் காட்டில் இருக்கிறது" என்றது மயில்.

இப்படித்தான் வேலாண்டி காட்டின் 'குறை கேட்கும் அதிகாரி' ஆனது. வறண்ட ஓடைப் பள்ளத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். தினமும் காலையில் அங்கே உட்கார வேண்டும். பதிலுக்கு நாளொன்றுக்கு இரண்டு காட்டுக் கிழங்கு. வெளியே போய்க் கிழங்கு தோண்டத் தடை இருந்ததால் வேலாண்டி ஒப்புக்கொண்டது. மற்றபடி காடு நலமாக இருக்க வேண்டும் என்ற ஆசை அதற்குத் துளியும் இல்லை.

முதல் நாளே பள்ளத்து மேட்டில் நீண்ட வரிசை நின்றது.

"ஐயா! எனக்கு ஏழு பிள்ளை, ஒரே வளை!" என்றது பெண் முயல். "குரங்கு வாத்தியார் இலவ மரத்து உச்சியில உக்காந்து பாடம் நடத்துறார். காத்துல குரல் விட்டு விட்டு வருது. பாதி நேரம் 'கேக்குதா? கேக்குதா?'ன்னே போயிடுது. மீதி நேரம் எம் பிள்ளைங்க 'கேக்கல, கேக்கல'ன்னு கத்துதுங்க. எனக்கு மட்டும்தான் எல்லாம் நல்லா கேக்குது!"

"சரி. அடுத்து?" என்றது வேலாண்டி.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு இருபது பேருக்கு மேல வரக்கூடாதாம்!" என்றது காட்டுப்பன்றி. "மாப்பிள்ளை வீட்டுல குட்டிங்களே இருபத்திரண்டு! மாப்பிள்ளையை வெளிய நிறுத்தட்டுமா?"

"நிறுத்துங்க. அடுத்து?"

"இவர் பகல் பூரா வீட்டுலயே நிக்கிறார் ஐயா!" என்றது பெண் கொக்கு. "அதுவும் ஒத்தைக் கால்ல, நடு வீட்டுல! 'ஒரு மீனாவது பிடிச்சிட்டு வாங்களேன்'னா, தடை உத்தரவைக் காட்டுறார். நாப்பது நாளா அவருக்குப் பிடிச்ச ஒரே உத்தரவு இதுதான்!"

அடுத்து வந்தது மரவட்டை. முதலில் அது கால்களைக் காட்டியது. வேலாண்டியும் பார்த்தது. எண்ணி முடியவில்லை.

"எல்லாக் காலையும் கழுவணுமாம்" என்றது மரவட்டை, அழுகிற குரலில். "கடைசிக் காலைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள முதல் கால்ல மண்ணு ஒட்டிக்குது. நேத்துக் காலையில துறைக்குப் போனேன். இப்பத்தான் வர்றேன்!"

மூத்த இருவாச்சிப் பறவைக்கு வேறு வருத்தம். பெரிய அலகுக்குப் பூவரச இலை போதவில்லை. வாழை இலை கட்டினால், சாப்பாடு எப்போது என்று எதிரே வருபவர்கள் கேட்கிறார்களாம்.

வேலாண்டிக்குத் தலை வலித்தது. 'ஊரே செத்துக்கொண்டிருக்கிறது. இதுகளுக்கு இலை போதவில்லை, கால் காயவில்லை!' என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டது. ஆனால் கிழங்குக்காகத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

எல்லாவற்றையும்விட அதன் உயிரை வாங்கியது சடைச்சி என்ற அணில்தான். புங்க மரத்துப் பொந்தில் தனியாக வசிப்பவள். தினமும் வரிசையில் முதல் ஆள். சூரியன் கண் திறக்கும் முன்பே வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

"வேலாண்டி அண்ணே! மேல் பொந்து மரங்கொத்தி விடியாத முன்னாடியே தட்ட ஆரம்பிச்சுடுறான். என்னடா தட்டுறேன்னா, வீட்டைப் பெருசாக்குறேங்கிறான். யாருமே வர முடியாத காலத்துல எதுக்கு அண்ணே பெரிய வீடு?"

மறுநாள்: "இலையைக் கட்டுனா மீசை மடங்கிக்குது அண்ணே! வீட்டுக்குப் போயி மீசையை நிமித்துறதுக்கே அரை நாள் ஆகுது."

அதற்கு மறுநாள்: "காக்கா ஒண்ணு வந்து, கோரைக் கிழங்கை மென்னா காய்ச்சலே வராதுன்னுச்சு. மென்னேன். பின்னாடியே இன்னொரு காக்கா வந்து, மென்னா உடனே வரும்னுச்சு. துப்பிட்டேன். இப்ப எனக்கு வருமா வராதா அண்ணே?"

ஒரு நாள் சடைச்சி எறும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பொந்தில் சேர்த்து வைத்த கொட்டைகளில் எறும்பு ஏறிவிட்டதாம். சிவப்பு எறும்பா கறுப்பு எறும்பா, எந்த இடுக்கு வழியாக வந்தது, முதலில் எந்தக் கொட்டையில் ஏறியது என்று நிழல் சுருங்கும்வரை சொன்னாள். பின்னால் நின்றவை எல்லாம் உட்கார்ந்துவிட்டன. உட்கார்ந்தவை தூங்கிவிட்டன.

வேலாண்டியின் முட்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"வாயை மூடு சடைச்சி!" என்று கத்தியது. "உலகமே மூச்சு விட முடியாம தவிக்குது. உனக்கு எறும்பா கவலை? இனிமே இந்த மாதிரி அற்ப விஷயத்துக்கு இந்தப் பக்கம் வராதே! நிஜமாவே பெரிய கவலை ஒண்ணு வந்தா, அப்ப வா!"

சடைச்சியின் வால் மெதுவாகக் கீழே இறங்கியது. "சரி அண்ணே" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வேலாண்டிக்கு உள்ளூர ஏதோ ஒன்று உறுத்தியது. கிழங்கு செரிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டது.

அதற்கு அடுத்த நாள் மரவட்டை வரவில்லை. இருவாச்சி வரவில்லை. நாலாம் நாள் வரிசையில் ஐந்து பேர்தான் நின்றார்கள். வேலாண்டி காலை நீட்டிப் படுத்தது. 'ஒரு அதட்டு போட்டதில் என்ன சுகம்! முன்னாடியே செய்திருக்கலாம்!' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது.

புலியின் குகையில் ஒரே குதூகலம்.

"மகாராஜா! போன வாரம் வரிசை ஓடைக்கரையைத் தாண்டி நின்றது. இன்று ஐந்தே பேர்! காட்டில் குறைகள் ஒழிந்துவிட்டன! எல்லாம் தங்கள் ஆட்சியின் மகிமை!" என்று தோகையை விரித்தது மயில்.

"அப்படியா? நான் என்ன செய்தேன்?" என்றது புலி.

"அதுதானே மகாராஜா மகிமை!"

ஐந்தாம் நாள் பாறைத்திடலில் 'குறையில்லாத காடு' என்ற பெயரில் விருந்து ஏற்பாடாயிற்று. வேலாண்டிக்குக் 'குறைவென்றான்' என்று பட்டம் தருவதாக முடிவானது. வாழைப்பழம், தேன், கிழங்கு எல்லாம் குவிந்தன. எல்லோரும் கூட்டமாக வந்து, கூட்டம் கூடாதே என்ற உத்தரவைப் புகழ்ந்து பாட வேண்டும் என்பது மந்திரியின் ஏற்பாடு.

விருந்தன்று காலை வேலாண்டி வழக்கம்போலப் பள்ளத்துக்குப் போனது. ஒருவரும் இல்லை. காற்று மட்டும் சருகைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பட்டம் வாங்கும்போது என்ன பேசுவது என்று அது யோசித்தது.

'நான் உங்கள் குறைகளை எல்லாம் தீர்த்தேன்...'

அங்கேயே அதற்கு இடித்தது. எந்தக் குறையைத் தீர்த்தோம்? முயலின் வளை பெரிதாகிவிட்டதா? இல்லை. மரவட்டைக்குக் கால் குறைந்ததா? இல்லை. இருவாச்சிக்கு அளவான இலை கிடைத்ததா? இல்லை. ஒரே ஒரு குறையைக்கூட யாரும் தீர்க்கவில்லை. பிறகு அவை எங்கே போயின?

எறும்பு ஏறிய பொந்திலிருந்து எறும்பு தானாகவா இறங்கும்? சடைச்சியா அதைப் பற்றிப் பேசாமல் ஐந்து நாள் இருப்பாள்?

வேலாண்டிக்கு உள்ளே மறுபடியும் உறுத்தியது. இந்த முறை கிழங்கின் மேல் பழி போட முடியவில்லை. எழுந்து புங்க மரத்துக்கு ஓடியது. முள்ளம்பன்றி ஓடுவதைக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதுவே ஒரு புகாராக வந்திருக்கும்.

மரத்தடியில் நின்று கூப்பிட்டது. "சடைச்சி! ஏய் சடைச்சி!"

பதில் இல்லை.

"சடைச்சி! நான்தான் வேலாண்டி வந்திருக்கேன்!"

பொந்தின் வாயில் ஒரு மூக்கு தெரிந்தது. மீசை இரண்டு பக்கமும் தொங்கிக் கிடந்தது.

"அண்ணனா...?"

"ஏன் அஞ்சு நாளா வரல?"

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க... பெரிய கவலை வந்தா வான்னு."

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

"வந்துடுச்சு அண்ணே" என்றாள் சடைச்சி. பேசியதற்கே அவளுக்கு மூச்சு இரைத்தது. "ஆனா மரத்தை விட்டு இறங்கத்தான் முடியல."

வேலாண்டியின் முட்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டன. அதற்கு மரம் ஏறத் தெரியாது. மேலே பார்த்து, "டேய் மரங்கொத்தி!" என்று கத்தியது.

மேல் பொந்திலிருந்து மரங்கொத்தி எட்டிப் பார்த்தது.

"கீழ்வீட்டுல ஒரு உசுரு கிடக்குது. உனக்குத் தெரியாதா?"

மரங்கொத்தி தலைகுனிந்தது. "சத்தமே இல்லாம இருந்துச்சு அண்ணே. நம்ம மேல இருந்த கோவம் போயிடுச்சுபோலன்னு... நிம்மதியா இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தான்டா இருந்தேன்" என்றது வேலாண்டி. "வாயில இலையைக் கட்டிக்க. ஓடைத் தண்ணியைக் கொட்டாங்கச்சியில தூக்கிட்டு வந்து பொந்து வாசல்ல வை. அவ குடிக்கிற வரைக்கும் தள்ளி நின்னு பாரு. நான் வர்றேன்."

அங்கிருந்து அது மரவட்டையின் கல்லுக்குப் போனது. கல்லடியில் மரவட்டை சுருண்டு கிடந்தது. அத்தனை கால்களில் ஒன்றைக்கூட அசைக்கத் தெம்பில்லை. உயிர் இருந்தது. நீர்நாய் வளையில் தாயும் குட்டிகளும் வரிசையாகத் தும்மின. வரிசையில் நிற்க வராதவர்கள் எல்லாம் படுக்கையில் கிடந்தார்கள்.

கடைசியாக இருவாச்சியின் மரம். வேலாண்டி கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. பிறகுதான் கீழே பார்த்தது. வேருக்குப் பக்கத்தில் மூத்த இருவாச்சி சிறகு விரிந்தபடி கிடந்தது. மேலே சருகு மூடியிருந்தது. விழுந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அந்த வழியாகப் போனவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

வேலாண்டி மேலே கிடந்த சருகை விலக்கியது. பிறகு முன்கால்களால் மண்ணைத் தோண்டி, அதை அடக்கம் செய்தது. எத்தனையோ வருஷமாகக் கிழங்குக்காக மட்டுமே தோண்டிய கால்கள்.

பாறைத்திடலில் விருந்து ஆரம்பமாகியிருந்தது. மண்ணும் சருகுமாக வேலாண்டி உள்ளே வந்தது.

"வருக, வருக! குறைவென்றானே வருக!" என்று தோகையை விரித்தது மயில்.

"மகாராஜா! ஒரு குறை சொல்லணும்" என்றது வேலாண்டி.

தோகைநாதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "குறையா? குறையில்லாத காட்டின் விழாவிலா? விழா முடிந்து சொல்லக்கூடாதா?"

"முடிஞ்சா கேக்க ஆள் இருக்காது மந்திரியாரே! குறை தீர்ந்து யாரும் வராம இல்ல. சொல்லத் தெம்பில்லாமத்தான் வரல. அணில் மூச்சு விட முடியாம கிடக்கா. மரவட்டை சுருண்டு போச்சு. நீர்நாய் வீடு மொத்தமும் படுக்கையில. பெரியவர் இருவாச்சி செத்து ரெண்டு நாளாச்சு. இப்பத்தான் புதைச்சுட்டு வர்றேன்."

வாழைப்பழத்தோடு தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"அவர்கள் முறைப்படி வந்து புகார் செய்யவில்லையே!" என்றது மயில்.

"செத்தவர் வரிசையில வந்து நிக்கணுமா?" என்றது வேலாண்டி. "என் மேலயும் தப்பு இருக்கு. அந்த அணிலை நான்தான் அதட்டி விரட்டினேன். வரிசை குறைஞ்சதும் சந்தோஷப்பட்டேன். உங்க பட்டம் எனக்கு வேண்டாம் மகாராஜா. இந்தத் தேனும் பழமும் அவங்க பொந்துக்குப் போகட்டும்."

புலி எழுந்தது. எல்லோரும் நடுங்கினார்கள்.

"இந்தக் காய்ச்சல் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்டது.

"உங்க குகைக்கு அடுத்த வளைதான் நீர்நாய் வீடு மகாராஜா."

அரசருக்கு உடனே மக்கள்மேல் கருணை பொங்கியது. "கரடி வைத்தியரைக் கூப்பிடுங்கள்! இப்போதே! ஒவ்வொரு பொந்தாகப் போகட்டும்! நீர்நாய் வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்!"

கூட்டம் கலைந்தது. முயல் ஏழு பிள்ளைகளையும் வளையில் விட்டுவிட்டு மூலிகை பறிக்கப் போனது. ஆண் கொக்கு இரண்டு காலையும் கீழே ஊன்றி, மீன் பிடித்து நீர்நாய் வாசலில் வைத்தது. இத்தனை நாளில் முதல்முறையாக இரண்டு காலையும் ஒன்றாகப் பார்த்த பெண் கொக்கு வாயடைத்துப் போனது. கரடி வைத்தியர் கஷாயம் காய்ச்ச, மரங்கொத்தி புங்க மரத்துக்கும் ஓடைக்குமாகப் பறந்து அலகு தேய்ந்தது.

மறுநாள் காலை தோகைநாதர் பாறையில் ஏறியது. "மகாராஜா நெடுநாளாகத் தீட்டிவந்த 'பொந்துதோறும் புலியார்' திட்டம் நேற்று முதல் நடைமுறைக்கு வந்தது!" என்று தோகையை விரித்தது.

வேலாண்டி மறுக்கவில்லை. அதற்கு நேரமில்லை. இப்போது அது பள்ளத்தில் உட்காருவதில்லை. காலையில் வாயில் இலையைக் கட்டிக்கொண்டு, நேற்று குரல் கேட்காத பொந்துகளுக்கு முதலில் போயிற்று. மூன்று புலிவால் தூரத்தில் நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது. முதல் நாள் இந்தக் கேள்வி அதன் வாயில் சரியாக நுழையவில்லை. இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிக்கொண்டது.

மரவட்டை ஒரு வாரத்தில் நகர்ந்தது. நீர்நாய்க் குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. மற்றவை எழுந்தன. பன்னிரண்டாம் நாள் சடைச்சி பொந்துக்கு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தாள். இளைத்து, வால் மெலிந்து போயிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?" என்றது வேலாண்டி.

"என்னத்தைச் சொல்ல அண்ணே!" என்று ஆரம்பித்தாள் சடைச்சி. "மரங்கொத்தி கொண்டு வர்ற தண்ணியில பூரா மரத்தூள்! கரடி கஷாயம் நாக்குல வச்சா மூளை வரைக்கும் கசக்குது! காய்ச்சலே தேவலாம்போல இருக்கு!"

வேலாண்டி மரத்தடியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்?" என்றது.

மாதம் ஒன்று ஓடியது. ஒரு நாள் காலையில் பாறையிலிருந்து உத்தரவு வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. மறுநாளும் இல்லை.

"அப்பாடா! காது குளிர்ந்துச்சு!" என்றது பெண் முயல்.

"இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றது காட்டுப்பன்றி.

காடு முழுக்க நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வேலாண்டியும் விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டது. 'சே! இந்த ஆளிடமுமா போக வேண்டும்?' என்று முனகிக்கொண்டே எழுந்து, மயிலின் மரத்துக்கு நடந்தது.

"மந்திரியாரே! எப்படி இருக்கீங்க?"

"எனக்கொன்றும் இல்லை!" என்று உள்ளேயிருந்து விறைப்பாக ஒரு குரல் வந்தது. தொடர்ந்து நான்கு தும்மல் வந்தன.

"குறை ஏதாவது உண்டா?"

மெதுவாக இலைகளை விலக்கிக்கொண்டு தோகைநாதர் எட்டிப் பார்த்தது. தோகை நனைந்த துடைப்பம் மாதிரி தொங்கியது.

"இரண்டு நாளாக ஒருவர்கூட வந்து கேட்கவில்லை ஐயா!" என்று விம்மியது. "ராத்திரியெல்லாம் தும்மல்! ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு இறகு உதிர்கிறது! காகங்கள் என்னைப் பற்றிப் பொய் பரப்புகின்றன! உத்தரவைக் காலையில் மாற்றச் சொன்னதும் மகாராஜா, சாயங்காலம் மாற்றச் சொன்னதும் மகாராஜா, திட்டு வாங்குவது மட்டும் நான்...!"

நிழல் சுருங்கி, மறுபடி நீளும்வரை அது நிறுத்தவில்லை. வேலாண்டி மூன்று புலிவால் தூரத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டது. கேட்டு முடித்ததும் கரடி வைத்தியரைக் கூப்பிடப் போயிற்று.

ஆகவே, ஓயாமல் குறை சொல்கிறவரைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். சத்தம் நின்றுபோன வீட்டின் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.